என் பெயரில் ஒரு டர்போ வண்டி

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்து மூன்றாம் ஞாயிறு, காலை பத்து மணி. மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தெருவோரப் பனிக்குவியல்கள் கறுத்துச் சுருங்கி, குளிர்காலம் முழுவதும் விழுங்கி வைத்திருந்த ஒற்றைக் கையுறைகளையும் காப்பிக் குவளைகளையும் ஒவ்வொன்றாக வெளியே துப்பிக்கொண்டிருந்தன. என் கணவர் சுந்தரராஜன் காப்பியைக் கையில் ஏந்தியபடி சமையலறை வாயிலில் வந்து நின்றார். உட்காரவில்லை. பாலம் கட்டுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் ஆயுள் முழுவதும் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். நின்றுகொண்டு பேசினால் அது விரிவுரை என்று பொருள்.

"அனு, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"எதை உடைச்சீங்க?"

"ஒண்ணும் உடைக்கல. ஒரு கார் வாங்கப் போறேன்."

"கீழ கராஜ்ல ஒண்ணு நிக்குதே."

"அது கார் இல்ல. சக்கரம் வெச்ச வாஷிங் மெஷின்."

அவர் இகழ்ந்தது என்னுடைய வண்டியை. பழுப்பு நிற ஜப்பானிய வண்டி. வந்த நாள் முதல் ஒரு காலைகூடக் கிளம்ப மறுத்ததில்லை. வார நாள்களில் ஏழு மணிக்கு அதில்தான் என் மகள் அம்ருதாவின் வீட்டுக்குப் போகிறேன். மருத்துவமனைக்கு ஓடும் அவளிடமிருந்து பேத்தி பூர்ணாவை வாங்கிக்கொண்டு போய்க் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறேன். எங்கள் வீட்டுக்கு அடியில் இருப்பது ஒரே ஒரு வண்டிக்கான கராஜ். மொன்ட்ரியாலின் சனவரியில் அது எத்தகைய செல்வம் என்பதை, விடியற்காலையில் தெருவில் நின்று கார்க் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டியவர்களே அறிவர். இந்தக் கதையில் பணயமாக இருந்தது அந்தக் கராஜ்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

"என்ன கார்?" என்று கேட்டேன்.

"எண்பத்தேழாம் வருஷத்து அமெரிக்கக் கார். கறுப்பு." சற்று நிறுத்தினார். பிறகு, கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பவர் குரலில், "டர்போ" என்றார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள். இன்ஜின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் கருவிக்கு டர்போ என்று பெயர். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் எண்பதுகளின் அமெரிக்க வண்டிகளில் அது இன்னும் பக்குவப்படவில்லை. விசிறி வேகம் பிடிக்கும்வரை வண்டி யோசிக்கும். பிடித்தபின் ஓட்டுபவருக்கு யோசிக்க நேரம் தராது. வெப்பமும் மிகுதி. ஓடிவந்த சூட்டோடு இன்ஜினை அணைத்தால், விசிறித் தண்டைச் சுற்றி நிற்கும் எண்ணெய் கருகிவிடும். நேர்ச்சாலையில் புலி என்று அந்த வண்டிகள் பெயரெடுத்தன. திருப்பங்களில் என்ன பெயரெடுத்தன என்பதை அவற்றின் பக்தர்கள் சொல்வதில்லை.

"ஓடுமா?"

"பறக்கும்."

"பறக்கறது இருக்கட்டும். காலைல கிளம்புமா?"

"பொதுவா கிளம்பும்."

"திரும்புமா?"

"நேரா போற கார், அனு. அதோட பெருமையே அதுதான்."

"நிக்குமா?"

"எல்லாக் காரும் ஒருநாள் நிக்கத்தான் செய்யும்."

பிறகு விரிவுரை தொடங்கியது. இந்த வண்டிகளை நம்ப முடியாது என்று உலகம் சொல்வது அநியாயமாம். அந்தக் காலத்தில் இவற்றை மீசை முளைக்காத பையன்களின் கையில் கொடுத்தார்களாம். அவர்கள் எண்ணெய் மாற்றவில்லையாம். சூட்டோடு அணைத்தார்களாம். "குத்தம் காரோடது இல்ல, ஓட்டின கையோடது" என்று முடித்தார்.

"உங்க கை?"

"ஆயுசு பூரா பாலம் கட்டின கை."

"பாலம் கட்டச் சொல்லிக் குடுத்த கை."

"அனு."

"துல்லியத்துக்காகச் சொன்னேன்."

வண்டியை விற்பவர் நகரின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில் வசிக்கும் பத்திநாதர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஞாயிறுகளில் தேவாலயத்துப் பாடற்குழுவை நடத்துகிறார். பொங்கல் விழா ஒன்றில் சந்தித்த இருவரும் பொங்கல் ஆறும்வரை கார்களைப் பற்றியே பேசினார்கள். அவர் மனைவி அஞ்சலீனா, "இந்த வீட்டிலை ஒண்டு கார் இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்று அண்மையில் தீர்ப்பளித்திருந்தார். பத்திநாதர் நெடுநேரம் சிந்தித்துவிட்டே மனைவியைத் தேர்ந்தெடுத்தாராம்.

கராஜில் இடமில்லை, ஆகவே வேண்டாம் என்றேன். விரிவுரை கலைந்தது.

அடுத்த வாரம் முழுவதும் என் கணவர் ரசத்துக்குக்கூடக் குறை சொல்லவில்லை. எனக்கு ஐயம் தட்டியது. வெள்ளிக்கிழமை, நான் விளக்கேற்றி முடிக்கும்வரை காத்திருந்து அருகில் வந்தார்.

"அனு, மாம்பலத்து ஜோசியர் ஸ்ரீதரன் இருக்காரே, அவர்கிட்ட நேத்து பேசினேன்."

ஜாதகம் என்பது நட்சத்திரங்களின் மேல் போடப்பட்ட பொய்வழக்கு என்று, திருமணமான நாளிலிருந்து எனக்கு எடுத்துரைத்து வந்தவர் இவர்.

"என்ன சொன்னார்?"

"உன் ஜாதகத்துல நாலாம் இடத்துல சுக்கிரன் உச்சமா உக்காந்திருக்காராம். பலமான வாகன யோகம். இந்த வருஷம் உன் பேர்ல ஒரு வண்டி வாங்கினா குடும்பத்துக்கே நல்லதாம். கறுப்பா இருந்தா விசேஷமாம்."

"டர்போவா இருக்கணும்னும் சொன்னாரா?"

"காத்து சம்பந்தப்பட்ட வாகனம்னு சொன்னார்."

இங்கே ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். ஸ்ரீதரன் ஜோசியர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். அவர் மகள் பாலாம்பிகை என் பள்ளித் தோழி. அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். நானும் உடனே என் கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது கைப்பேசியில் கார் ஒன்று புகை கக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லது" என்று பதிலளித்தார்.

நான் அதை நினைவூட்டவில்லை. வண்டி உன் பெயரில் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. யோகம் வீடு தேடி வரும்போது, சொன்னவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆராய்வது நன்றன்று.

"சரி, வாங்குங்க. ஆனா கோடைல வெளியே, கராஜுக்கு இறங்கற சரிவுல ஓரமாத்தான் நிக்கணும். கராஜ் என்னோடது. பனி விழறதுக்குள்ள அதுக்கு வேற இடம் பாக்கணும்."

"சத்தியமா" என்றார். எதன்மேல் சத்தியம் என்று சொல்லவில்லை.

பதினெட்டாயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். பதிவு என் பெயரில். கியூபெக் சட்டப்படி மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே தொடர வேண்டும். ஆகவே பதிவில் நான் அனுசூயா ராமபத்ரன். என் தந்தை ராமபத்ரன் உயிரோடு இருந்த காலத்தில் அவரும் என் கணவரும் ஒரே அறையில் அரை மணிக்கு மேல் அமர்ந்ததில்லை. பதிவு அலுவலகத்துப் பெண் பெயரை உரக்கப் படித்தபோது என் கணவரின் முகம் மாமனாரைக் கண்டதுபோலவே ஆயிற்று.

பூசைக்குப் பத்திநாதரும் அஞ்சலீனாவும் வந்தார்கள். வண்டி எங்கள் வீட்டுச் சரிவில் தெருவைப் பார்த்து நின்றது. முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம். என் கணவர் உள்ளே அமர்ந்தார்.

"அண்ணை, மெல்லமா மிதியுங்கோ" என்றார் பத்திநாதர். "உது கொஞ்சம் யோசிச்சுத்தான் வெளிக்கிடும்."

"எனக்குத் தெரியும், பத்திநாதர்."

"தெரியும் எண்டு சொன்ன ஆள்தான் எங்கட மதிலையும் இடிச்சது" என்றார் அஞ்சலீனா.

"ஆர் இடிச்சது?"

"நீங்கள்தான். வேற ஆர்?"

என் கணவர் மிதித்தார். ஒன்றும் நிகழவில்லை. எலுமிச்சம்பழங்கள் அமைதியாக இருந்தன. இன்னும் மிதித்தார். வண்டி ஏதோ முனகியது. முழுவதும் மிதித்தார். ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. அதற்குப்பின் அந்த எலுமிச்சம்பழங்களை இன்றுவரை நாங்கள் காணவில்லை. வண்டி தெருவின் மறுபக்கத்தில், சாக்கடை வேலைக்காக வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பு ஒன்றின்மேல் ஏறி நின்றது. பத்திநாதர் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். சாலைப் பணியாளர் ஒருவர் ஓடிவந்தார். முகப்பில் சிவப்பைக் கண்டு திகைத்தார். இறங்கிய என் கணவரின் நெற்றியைப் பார்த்தார். அங்கும் சிவப்பு. அந்தப் பணியாளர் ஆம்புலன்ஸுக்குப் பேசி முடிக்கும்முன் அது குங்குமம் என்று பிரெஞ்சில் விளக்கி முடித்தேன். கூம்பைத் தவிர வேறு எவருக்கும் காயமில்லை.

கோடை வந்தது. எங்கே போய்த் திரும்பினாலும் என் கணவர் இன்ஜினை அணைக்காமல், சரிவில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். அடுத்த வீட்டு மதாம் லவுவா வேலிக்கு மேல் தலை நீட்டி, உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா என்று கவலையோடு கேட்டார். இல்லை, வண்டியை ஆற்றுகிறார் என்றேன். காப்பியைத்தான் ஆற்றுவீர்கள் என்று நினைத்தேன் என்றார் அவர்.

நான் நியாயம் தவற விரும்பவில்லை. அந்த இன்ஜின் உறுதியானது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதைச் சுற்றியிருந்தவைதான் ஒவ்வொன்றாக விடை பெற்றன. ரப்பர் குழாய்கள் அப்பளம்போல் நொறுங்கின. கம்பிகள் ஒன்றையொன்று மறந்தன. ஜன்னல் கண்ணாடி இறங்கினால் ஏறாது. வண்டி நகரில் எங்கெங்கே நிற்குமென்று, அவர் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடமாயிற்று.

"அனு, லஷீன்ல நிக்கறேன்."

"எதுக்கு?"

"நான் நிக்கல. கார் நிக்குது."

"பழுதா?"

"பழுது இல்ல. ஒரு அறிகுறி. கார் நம்மகிட்ட பேசுது."

"வரச் சொல்லுதா?"

"உன்னை வரச் சொல்லுது."

இன்னொரு நாள் சரிவில் கறுப்பாக ஒரு குளம் தேங்கியிருந்தது. எண்ணெய் கசிகிறதே என்றேன். "கசிவு இல்ல, வேர்வை. உழைக்கற இன்ஜினுக்கு வேர்க்கும்" என்றார். வேறொரு நாள் முகப்பிலிருந்து ஆவி எழுந்தது. கொதிக்கிறதே என்றேன். "கொதிக்கல. கொஞ்சம் உணர்ச்சிவசப்படுது" என்றார். ஒவ்வொரு முறையும் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தது அந்தச் சக்கரம் வைத்த வாஷிங் மெஷின்தான்.

அக்டோபர் முடிந்தது. வேறு இடம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நவம்பரில் ஒரு புதன்கிழமை அம்ருதாவின் வீட்டிலிருந்து மாலையில் திரும்பினேன். கராஜ் கதவைத் திறந்தேன். உள்ளே கறுப்பு வண்டி நான்கு இரும்புத் தாங்கிகளின்மேல் அந்தரத்தில் நின்றது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. அவை சுவரோரம் கொலுப்படியைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. என் கணவர் முழங்கைவரை கறுத்து, முகம் மட்டும் ஒளிர நின்றார்.

"என்னங்க இது?"

"குளிர்கால உறக்கம். சாலை உப்பு பட்டா ரெண்டே வருஷத்துல கரைஞ்சிடும், அனு. இனிமே ஏப்ரல்வரைக்கும் இதை அசைக்க முடியாது."

"என் வண்டி?"

"தெருவுல நிக்கட்டுமே. அதுக்கு என்ன? எதையும் தாங்கும்."

"நானும் தாங்குவேனா?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் ஆறு மணிக்கே எழுந்து பனியெல்லாம் எடுத்துடறேன்."

மறுநாள் காலை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை. என் வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைபோல் தெருவில் நின்றது. என் கணவர் ஆறு மணிக்கும் எழவில்லை, ஏழு மணிக்கும் எழவில்லை. கதவின் பூட்டுக்கு வெந்நீர் ஊற்றி, கண்ணாடியைச் சுரண்டி, விரல் மரத்து நான் போய்ச் சேர்ந்தபோது அம்ருதா காலணியோடு வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுடைய நோயாளிகள் காத்திருந்தார்கள். "நாளைலேர்ந்து வேற ஏற்பாடு பண்ணிக்கவாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பூர்ணாவை அழைத்துச் செல்லும் அந்தக் காலைப் பயணம் என்னுடையது. அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை. ஒரு டர்போவுக்கு நிச்சயமாக இல்லை.

வீட்டுக்கு வந்து கை காய்ந்தபின் மாம்பலத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பாலாம்பிகை நலமாக இருந்தாள். அன்றிரவு சாப்பாட்டின்போது விஷயத்தை எடுத்தேன்.

"என் வண்டியை விக்கலாம்னு இருக்கேன்."

அவர் முகத்தில் தீபாவளி. "நல்ல முடிவு, அனு. அதுக்கும் வயசாச்சு. வாஷிங் மெஷினுக்கு என்ன விலை கிடைக்கும்னு நான் விசாரிக்கறேன்."

"அது இல்ல. யோகத்துல வந்த வண்டி."

கரண்டி தட்டில் விழுந்தது.

"அது எப்படி? அது என்..."

"யாரோட?"

அவர் கரண்டியை எடுத்துத் துடைத்தார். என்னுடையது என்று சொன்னால் சுக்கிரன் நாலாம் இடத்திலிருந்து இறங்கிவிடுவார். பொய்யை ஒப்புக்கொள்வதா, வண்டியை விடுவதா என்று டர்போ யோசிப்பதுபோல் யோசித்தார்.

"யோகத்தை விக்கக் கூடாது, அனு. ஜோசியர் என்ன சொன்னார்னா..."

"ஜோசியர் வீட்டுல இன்னிக்குப் பேசினேன்."

அவர் நிறம் மாறியது. "பேசினியா? அவர் என்னைப் பத்தி ஏதாவது..."

"ஒரு வார்த்தை தப்பா சொல்லல."

"விக்கறதைப் பத்தி?"

"எந்த ஆட்சேபமும் சொல்லல."

நான் பொய் சொல்வதில்லை. இறந்தவர் எதற்கும் ஆட்சேபம் சொல்லவில்லை.

என் கணவர் மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்தார். கராஜுக்கு இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எவரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். நான் பாத்திரங்களைக் கழுவி முடிக்கவில்லை. என் தொலைபேசி ஒலித்தது. அஞ்சலீனா.

"அக்கா, உங்கட இவர் இப்பதான் என்ரை இவரோட கதைச்சவர். காசெல்லாம் தானே தாறாராம். இவர் வாங்குற மாதிரி வந்து காரை வாங்கோணுமாம். பிறகு அது எங்கட கராஜிலை நிக்கோணுமாம். உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதாம். அதுதான் உடனை எடுத்தனான்."

"உங்க கராஜ்ல இடம் இருக்கா?"

"இருக்கு அக்கா. ஆனா சும்மா விடுறதுக்கு எனக்கென்ன விசர் பிடிச்சிருக்கோ?"

நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசினோம்.

சனிக்கிழமை காலை பத்திநாதர் தேவாலயத்துக்குப் போடும் கோட் அணிந்து வந்தார். பின்னால் அஞ்சலீனா. என் கணவர் அவர்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல் கைகுலுக்கினார்.

"அக்கா, கார் ஒண்டு விக்கிறியள் எண்டு கேள்விப்பட்டனான்" என்றார் பத்திநாதர்.

"நீங்க எங்களுக்கு வித்த கார்தான்."

"ஓம். அதாலை ஓரளவு தெரியும்."

எல்லோரும் கராஜுக்கு இறங்கினோம். வண்டியைக் குறைத்துப் பேசி விலையை இறக்க வேண்டும் என்பது பத்திநாதருக்குக் கொடுக்கப்பட்டிருந்த பாடம். அவர் முகப்பைத் தொட்டார். கண் கலங்கியது.

"என்ன மாதிரி, பத்திநாதர்? குறை ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"குறையோ? அக்கா, இப்பிடி ஒண்டு இனி உலகத்திலை செய்ய மாட்டாங்கள்."

என் கணவர் இருமினார். பத்திநாதருக்குப் புரியவில்லை. "சத்தத்தைக் கேட்டாலே காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று தொடர்ந்தார். என் கணவர் மீண்டும் இருமினார். பிறகு பொறுக்க முடியாமல் தாமே முன்வந்தார்.

"இருங்க, பத்திநாதர். அவசரப்படாதீங்க. கீழ பாருங்க. எண்ணெய் கசியுது."

"கசிவு இல்லைங்க, வேர்வை" என்றேன்.

"ரெண்டு தடவை கொதிச்சிருக்கு."

"உணர்ச்சிவசப்பட்டுது."

"லஷீன்ல நடுரோட்டுல நின்னுபோச்சு, அனு. நீயே வந்து கூட்டிட்டு வந்தே."

"பழுதுல நிக்கல. நம்மகிட்ட பேசிச்சு."

"குழாயெல்லாம் மக்கிப்போச்சு. பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்காது. திருப்பத்துல படகு மாதிரி ஆடும். மிதிச்சா போகாது, போனா நிக்காது. இந்தக் காலத்து டர்போவை நம்பவே கூடாதுன்னு ஊர் உலகமே சொல்லுது."

"அது அநியாயமான கெட்ட பேருன்னு ஏப்ரல்ல யாரோ எனக்குச் சொன்னாங்க. குத்தம் ஓட்டின கையோடதுன்னு."

பத்திநாதர் என் கணவரை வருத்தத்தோடு பார்த்தார். தன் குழந்தையை ஒருவர் ஏசக் கேட்ட தந்தையின் பார்வை அது. "அண்ணை, நீங்கள் இப்பிடிக் கதைப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

"விலை என்ன அக்கா?" என்று அஞ்சலீனா கேட்டார்.

"இருபதாயிரம்."

"பதினெட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று என் கணவர் பதறினார்.

"யோகம் ஏறியிருக்கு."

"ரொம்ப ஜாஸ்தி, அனு. அநியாயம். பதினாறே அதிகம்."

"விக்கறது நான். வாங்கறது அவர். உங்களுக்கு எங்க வலிக்குது?"

வலித்த இடத்தைக் காட்ட முடியாதவர் நிலை பரிதாபமானது. பத்திநாதர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன செய்வது என்று கண்ணால் கேட்டார்.

"விலையைக் குறைக்காதேங்கோ அக்கா" என்றார் அஞ்சலீனா. "மலிவான சாமான் என்ரை வளவுக்குள்ளை வாறது எனக்குப் பிடிக்காது."

இருபதாயிரத்துக்கு முடிந்தது. ஏப்ரல்வரை அசைக்க முடியாது என்று அவர் சொன்ன வண்டிக்கு, அடுத்த நாள் என் கணவரே நான்கு சக்கரங்களையும் திரும்ப மாட்டினார். ஜாக்கியை மிதித்து மிதித்து அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான் தைலம் தடவிவிட்டேன். எதற்காக இவ்வளவு சிரமம், வாங்கியவர் மாட்டிக்கொள்ளட்டுமே என்றும் சொன்னேன். "நட்புக்காக" என்று தலையணைக்குள் முனகினார்.

திங்கட்கிழமை ஒரு லாரி கறுப்பு வண்டியை ஏற்றிச் செல்ல, என் வண்டி கராஜுக்குத் திரும்பியது. செவ்வாயன்று ஒரு முழப் பனி விழுந்தது. ஏழு மணிக்கு அம்ருதாவின் வாசலில் நின்றேன். அவள் இன்னும் தலை வாரிக்கொண்டிருந்தாள். வேறு ஏற்பாட்டைப் பற்றி மறுபடியும் பேச்செழவில்லை.

யார் எதை எப்போது கொடுத்தார்கள் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். இருபதாயிரம் டாலரையும் நவம்பர் மாதக் கடைசி வெள்ளியன்று பத்திநாதர் என்னிடம் கொடுத்தார். அது எவருடைய பணம் என்று நான் கேட்கவில்லை. வண்டியை மொன்ட்ரியால்-நோருக்கு ஏற்றிச் சென்ற லாரிக்குரிய கூலியை என் கணவர் அந்தத் திங்களன்றே கொடுத்திருந்தார். டிசம்பரில் நான் அந்தப் பணத்திலிருந்து எடுத்து, பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கதவைக் கராஜுக்குப் போட்டேன். தேவாலயப் பாடற்குழுவின் இசையில் தமக்குத் திடீரென ஈடுபாடு பிறந்திருப்பதாகச் சொல்லி, என் கணவர் ஞாயிறுதோறும் மொன்ட்ரியால்-நோருக்குப் பேருந்தில் போய், பெட்ரோல் மணக்கத் திரும்புகிறார். மாதத்தின் முதல் ஞாயிறன்று, எனக்குத் தெரியாமல், கராஜ் வாடகையாக நூற்றைம்பது டாலரை அஞ்சலீனாவின் கையில் கொடுக்கிறார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் அதில் பாதியை அஞ்சலீனா எனக்கு அனுப்பிவிடுகிறார்.